என் இடுப்புக்கேற்ற அம்பிளிபயர்

முதலில் நான் நம்பிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என் இடது காலில் கரண்ட் ஓடுகிறது என்று நம்பினேன். உவமையாகச் சொல்லவில்லை, மெய்யான மின்சாரம். அது கிற்றாரில் இருந்து கசிந்து, இடுப்பு வழியாக இறங்கி, தொடையின் பின்பக்கத்தால் போய், பெருவிரலால் வெளியேறுகிறது என்று நம்பினேன்.

நம்புவதற்குக் காரணமும் இருந்தது. மீள்குடியேற்றத்தின் முதல் வருடங்களில் மன்னாருக்குத் தெற்கே முசலிப் பக்கம் எங்கள் பாட்டுக்குழு வாசிக்கப் போன ஊர்களுக்குக் கரண்ட் வந்திருக்கவில்லை. கலியாணமோ கோயில் திருநாளோ, ஜெனரேற்றரில்தான் வாசிப்போம். அதற்கு ஒழுங்கான எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி) இருக்காது. தந்தியில் விரல் வைத்தபடி மைக்கில் உதடு பட்டால் பல்லுவரைக்கும் சுள்ளென்று இழுக்கும். எங்கள் குழுவின் பாடகர்கள் எல்லோரும் மைக்கோடு கோபித்துக்கொண்டவர்கள் மாதிரி எட்ட நின்று பாடியது அதனால்தான்.

ஆகவே காலில் சுள்ளென்றபோது நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மேடைக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பி ஒன்றை அறைந்து, அதற்கு உப்புத் தண்ணீர் ஊற்றினேன். பலகையில் ஏறி நின்று வாசித்தேன். கடைசியில் ஓலைத்தொடுவாயில் ஒரு கலியாணத்துக்குக் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரையும் கட்டி, கீழே முழங்கால்வரை றப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனேன். பெண்வீட்டார் ஒருவர் வந்து, வெள்ளம் ஏதும் வருமென்று அறிவித்திருக்கிறார்களா என்று மெதுவாக விசாரித்தார்.

கால் கேட்கவில்லை. ஒரு காலைநேரம் கிணற்றடியில் முகம் கழுவும்போது தும்மினேன். கிற்றார் வீட்டுக்குள் உறையில் கிடக்கிறது, ஆனாலும் இடுப்பில் இருந்து குதிக்கால்வரை அதே கரண்ட் பாய்ந்தது. வாளியோடு நானும் கீழே. ஓடிவந்த மனைவி செசிலியாவிடம் நான் முதலில் கேட்டது, கிணற்றடியில் எங்காவது வயர் அறுந்து கிடக்கிறதா என்று.

"கிணத்தடியிலை கரண்ட் எங்காலையப்பா வாறது? எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

எழும்ப முடியவில்லை. அப்போதுதான் எனக்கு முதல் தடவையாக உண்மையான பயம் வந்தது.

ஆஸ்பத்திரி விறாந்தையில் நெடுநேரம் நின்றேன். கதிரையில் இருந்தால் வலி, நின்றால் கொஞ்சம் சுகம். வந்தவர்களுக்கெல்லாம் என் இடத்தைக் காட்டி இருங்கோ இருங்கோ என்றதால், அன்றைக்கு அங்கே என்னைப்போலப் பெருந்தன்மையான மனிதர் வேறு இல்லை என்று பலர் நினைத்திருப்பார்கள்.

டொக்டர் இளம்பெண். என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, மடக்காமல் இடது காலை மெல்ல உயர்த்தினார். கால் ஒரு சாண்கூட எழும்பியிருக்காது, நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்த கன்னியாஸ்திரி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு டொக்டர் என் பெருவிரலை மேல்நோக்கி மடக்கச் சொன்னார். வலது விரல் மடங்கியது. இடது விரலுக்கு நான் சொன்னது கேட்கவேயில்லை. அது என் கால் நுனியில் யாரோ வைத்துவிட்டுப் போன விரல் மாதிரி சும்மா இருந்தது.

அடுத்து, ஒன்றுக்குப் போவதில் கஷ்டம் இருக்கிறதா, தொடை இடுக்கில் மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்டார். காலைக் காட்ட வந்தவனிடம் இவர் ஏன் பேச்சை மாற்றுகிறார் என்று யோசித்தேன். இதை வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். இடுப்பு வலியோடு அந்த இரண்டில் ஒன்று வந்தாலும் எர்த் கம்பி அறைந்துகொண்டு நிற்காதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்கு இரண்டும் இல்லை.

"என்ன வேலை செய்யிறனீங்கள்?" என்றார் டொக்டர்.

"கிற்றார் வாசிக்கிறனான்."

"அது பாரமில்லையே."

"கிற்றார் பாரமில்லை, டொக்டர்," என்றாள் செசிலியா. "அதின்ரை பெட்டியைச் சொல்லச் சொல்லுங்கோ."

பெட்டியின் கதையைச் சொல்லவேண்டியதாயிற்று.

நாங்கள் இந்தியாவில் அகதி முகாமில் பல வருடம் இருந்து திரும்பியவர்கள். முகாமில் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் தார்ப்பாய்தான் சுவர். அந்தப் பக்கம் ஒருவர் புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் கேட்கும். ஆகவே நான் கிற்றாரை விரல் நுனியால், தந்திக்கே தெரியாமல் வாசித்துப் பழகினேன். இரண்டு பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் நித்திரையானார்கள். யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் அத்தனை வருடமும் எனக்குள் ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒருநாள், ஒரே ஒருநாள், ஊர் முழுக்கக் கேட்க வாசிக்கவேண்டும்.

எங்கள் ஊரான தாழ்வுபாட்டுக்குத் திரும்பி வந்து, வீட்டுக்குக் கூரை முழுதாக ஏறும் முன்னரே ஸ்பீக்கர்ப் பெட்டி செய்யக் கொடுத்தேன். கொடுத்தது வள்ளம் கட்டும் ஓடாவியிடம். எங்கள் ஊரில் மரவேலை என்றால் அவர்தான். அவருக்குத் தெரிந்தது வள்ளம். பலகையின் தடிப்பும் இணைப்பும் வள்ளத்துக்கு உரியவை. நீர் புகாதபடி இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்து மெழுகியிருந்தார். நாலு பேர் ஐலசா போட்டால்தான் அது லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஏறும். அதற்குமேல் தனியாக அம்பிளிபயர், இரும்பில்.

சத்தம் என்றால் அதுதான் சத்தம். கீழ்த் தந்தியைத் தட்டினால் நோட் முதலில் காதுக்கு வராது, உள்ளங்கால் வழியாக வரும். கடற்கரை மணலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தப் பெட்டியின் இடதுபக்க மூலையை நான்தான் பிடிப்பேன், வேறு யாரையும் விடமாட்டேன்.

டொக்டர் முழுவதையும் கேட்டார். சிரிப்பை அடக்கியது தெரிந்தது. பிறகு விளக்கினார். டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டு) ஒன்று பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நெரிக்கிறது. கரண்ட் என்று நான் நினைத்தது நரம்பின் கூக்குரல். ஸ்கான் எடுக்க வெளியூர் போகவேண்டும். விரலின் பலம் மேலும் குறைந்தால் பாதம் தொங்கிப்போகும் (நடக்கும்போது முன்பாதம் எழும்பாமல் இழுபடும்), அப்படியானால் சத்திரசிகிச்சை. குறையாவிட்டால் மருந்தும் பயிற்சியும் போதும்.

"ஐஞ்சு கிலோவுக்கு மேலை இனித் தூக்கக்கூடாது. குனிஞ்சு எதையும் தூக்கக்கூடாது."

"திருநாளுக்கு வாசிக்கலாமோ, டொக்டர்?"

"விரல் மடங்கட்டும், பிறகு கதைப்பம்," என்றார்.

எங்கள் கோயில் திருநாளுக்கு இரண்டரை மாதம் இருந்தது. திரும்பி வந்தபிறகு ஒரு திருநாளையும் நான் விட்டதில்லை.

இரண்டு மூன்று நாள் படுத்துவிட்டு மெல்ல நடக்கத் தொடங்குங்கள் என்பதுதான் டொக்டரின் கட்டளை. நான் பயத்தில் பதினாலு நாள், முழுசாக இரண்டு கிழமை படுத்தேன். அசைந்தால் டிஸ்க் கழன்று பாயில் உருண்டுவிடும் என்ற மாதிரிக் கிடந்தேன். அது பிழை. படுக்கப் படுக்க இடுப்பு இறுகியதே தவிர இளகவில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

வேலையில்லாதவனுக்குப் பெருவிரல்தான் உலகம். போர்வையை விலக்கி அதைப் பார்ப்பேன். மடங்கு என்பேன். கெஞ்சுவேன். பிறகு வெட்கமில்லாமல் பேரம் பேசுவேன்.

ஒரு பின்னேரம் நாலைந்து வளவு தள்ளி ஒரு கலியாண வீட்டில் எங்கள் குழு வாசித்தது. பெட்டியை என்னிடம் கேட்டுத்தான் கொண்டுபோனார்கள், நானும் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டியிருந்தேன். என் இடத்தில் மன்னார் ரவுணில் (நகரில்) இருந்து புதிதாக ஒருவர். முதல் பாட்டின் கீழ் நோட் நிலத்தால் ஊர்ந்து வந்து, பாய்க்கு அடியால் என் முதுகில் ஏறியது. என் பெட்டி. வேறு யாரோ தட்ட, நான் படுத்துக் கேட்கிறேன்.

அந்த மனிதர் எங்காவது பிழைவிடுவார் என்று ஐந்து பாட்டுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். விடவில்லை.

"நல்லாத்தான் வாசிக்கிறார்," என்றாள் செசிலியா, மீன் வெட்டிக்கொண்டே.

"தாளம் கொஞ்சம் ஓடுது."

"உங்களுக்குத்தான் ஓட ஏலாமல் கிடக்கு."

அன்றிரவு அவளே நசீர் நானாவுக்கு ஆள் அனுப்பினாள். நசீர் நானா புத்தளத்தில் இருந்து திரும்பிவந்து ரவுணில் மைக்செற் வாடகைக்கு விடுகிறவர், என்னைவிட மூத்தவர். மறுநாள் மோட்டார்சைக்கிளில் மூன்று சின்ன அம்பிளிபயர்களைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"தம்பி, படுத்துக்கிட்டே வாசிங்க. எது புடிக்குதோ அதை வச்சிட்டு மத்ததை நான் கொண்டுபோறேன்."

கிற்றாரை நெஞ்சில் கிடத்தி, கூரையைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். முதலாவதைத் தட்டியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பெட்டியின் சத்தம் அல்ல, ஆனால் அதன் தம்பி என்று சொல்லலாம். கீழ் நோட்டுக்கு உடம்பு இருந்தது. இதுதான் என்றேன்.

"டொக்டர் எத்தனை கிலோ தூக்கலாம் எண்டவ?" என்று நசீர் நானா கேட்டார்.

"பன்னிரண்டு," என்றேன்.

செசிலியா எழும்பினாள். உள்ளே போய்த் தன் தொங்குதராசை எடுத்துவந்தாள். அவள் கருவாடு நிறுத்து விற்கிறவள், அந்தத் தராசோடு யாரும் வாதாடியதில்லை. வாசல் நிலையில் அதைக் கொழுவி அம்பிளிபயரைத் தொங்கவிட்டாள். முள் பதினொன்றைத் தாண்டி நின்றது.

"டொக்டர் சொன்னது ஐஞ்சு. நானும் பக்கத்திலைதான் நிண்டனான்."

அடியில் சில்லுப் பூட்டி உருட்டலாம் என்றேன். எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கை முழுக்க மணல், சில்லு புதையும் என்பது எனக்கும் தெரியும். நசீர் நானா அந்த அம்பிளிபயரைக் கழற்றி உறையில் போட்டு இழுத்து மூடும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது மூன்று கிலோகூட இல்லை. அழகான சாமான். சத்தம், பால்பேணித் தகரத்துக்குள் அகப்பட்ட நுளம்பின் ரீங்காரம். மூன்றாவது மரப்பெட்டி, தோளில் கொழுவ வார், பற்றரியிலும் வேலை செய்யும். தராசில் நாலரை. மேல்தந்திகள் தெளிவாகப் பாடின. கீழ்த் தந்தியைத் தட்டினேன். நோட் இருந்தது. பாய் அசையவில்லை.

"திரும்ப அடிங்கோ," என்றாள் செசிலியா.

அடித்தேன்.

"முகாமிலை வாசிச்ச மாதிரிக் கேக்குது," என்றாள்.

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கோ இவ்வளவு வருடமும் மண்ணில் புரண்டு எழும்பி, கடைசியில் அதே தார்ப்பாய்க்குப் பக்கத்தில் வந்து படுத்துவிட்டேன் என்று பட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்றாவதை வைத்துவிட்டுப் போகும்படி அவள்தான் நசீர் நானாவிடம் சொன்னாள்.

ஸ்கானில் வட்டு பிதுங்கியிருந்தது உறுதியானது. விரலின் பலம் மேலும் குறையவில்லை, ஆகவே சத்திரசிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். பிசியோதெரப்பி (பயிற்சியால் தசைகளைத் தேற்றும் சிகிச்சை) தொடங்கியது. இடுப்பைத் தரையில் அழுத்துவது, வயிற்றை இறுக்குவது, குதிக்காலில் நிற்க முயல்வது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு நான் எதுவுமே செய்யாத மாதிரி இருக்கும். எனக்கு வியர்வை ஓடும்.

ஏழாவது கிழமையில் ஒரு காலை, பெருவிரல் அசைந்தது. மடங்கியது என்று சொல்லமுடியாது, யாரோ கூப்பிட்டதுக்குத் தலையை நிமிர்த்திய மாதிரி. நான் செசிலியாவைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்தாள். திரும்பச் செய்யச் சொன்னாள், செய்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உலையில் சோறு கிடக்கிறது என்று போய்விட்டாள்.

இப்போது என் உடம்பு வேறு ஒரு கணக்கில் ஓடுகிறது. கதிரையில் இருக்கக்கூடிய நேரம், நிற்கக்கூடிய நேரம், இரண்டுக்கும் நடுவில் நடக்கவேண்டிய நேரம். ஒரு பாட்டு முடிய எவ்வளவு நேரம் என்று முன்பு எனக்குத் தெரியாது, இப்போது இடுப்பு சொல்லும். இடது பாதத்தால் தாளம் போட்டால் அது பாட்டுக்குக் கொஞ்சம் பின்னால் வருகிறது. சொன்னதைக் கேட்கும், யோசித்துவிட்டுத்தான் கேட்கும். பெரிய பெட்டி குழுவிடம் இருக்கிறது. அது தூரத்தில் வாசிக்கும்போது நான் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதுண்டு. ஆசை போகவில்லை. போகும் என்று டொக்டரும் சொல்லவில்லை.

திருநாளுக்குச் சின்ன அம்பிளிபயரோடு போனேன். பாடகர்களுக்குப் பக்கத்தில், கதிரையில் இருந்து மூன்று பாட்டு வாசித்தேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். நாலாவது பாட்டுக்கு இடுப்பு விடவில்லை. எழும்பி, சனத்துக்கு நடுவால் மெதுவாக நடந்து வீட்டுக்கு வந்தேன். அம்பிளிபயரைச் செசிலியா ஒரு கையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.