புளித்த தொட்டி

தொட்டி கெட்டுவிட்டது என்று ஆய்வுக்குழுவிடம் சொன்னவள் நான்தான். அதனால் என் வேலை போனது. இன்றைக்கு அதே இடத்தில் நிறுத்திக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரைக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளர். வேதிப் பொறியியல் மாணவர்களுக்கு உயிர்வேதிப் பொறியியல் என்று புதிதாக ஒரு பாடம் தொடங்கியிருந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து குழு வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தால் பாடம் தொடரும், என் வேலையும் நிலைக்கும். கொடுக்காவிட்டால் இரண்டும் போகும். இது எனக்கும் தெரியும், மாணவர்களுக்கும் தெரியும்.

அவர்கள் பள்ளிக்கூடத்தோடு தவளையையும் கரப்பானையும் தலைமுழுகிவிட்டு வந்தவர்கள். குழாய், பம்பு என்றால் உற்சாகமாக எழுதிக்கொள்வார்கள். நுண்ணுயிர் என்று ஆரம்பித்தால் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார்கள். எழுமலையில் மாடும் வயலுமாக இருந்த ஒரு சம்சாரி வீட்டிலிருந்து வந்த பையன்தான் அந்த வகுப்பின் வாயாடி.

"வால்வத் தொறந்தா தண்ணி வரணும் மேடம். இது என்ன, தோணுனா வரும், தோணாட்டி வராதுங்கிறீங்க?"

"ஆமப்பா. அதுக்கு என்ன தோணுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் இந்தப் பாடம்" என்றேன்.

சும்மா சொன்னால் நம்பமாட்டார்கள் என்று விடுதிக்குப் பின்னால் ஒரு கோபர் கேஸ் தொட்டி கட்டினோம். கிணறு மாதிரி ஒரு குழி, அதற்குள் கவிழ்த்து வைத்த இரும்பு டிரம். சாணத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். உள்ளே வாயு சேர்ந்தால் டிரம் தானாக மேலெழும்பும். அந்த வாயுவைக் குழாய் வழியே ஓர் அடுப்புக்குக் கொண்டுபோய் எரிக்கலாம். பழங்காநத்தத்து வீட்டுக்குத் திரும்பினால் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்துவாள். "சாணி அள்ளுறதுக்கா அம்புட்டுப் படிப்புப் படிச்ச?" என்பாள். ஆமாம் என்பேன். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள்.

தொட்டிக்குள் நுண்ணுயிர்களில் இரண்டு கூட்டம் இருக்கிறது என்று வகுப்பில் சொன்னேன். முதல் கூட்டம் நாம் போடுவதைச் சிதைத்து அமிலமாக்கும். அதற்குக் கை வேகம். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று எரிகிற வாயுவாக மாற்றும். அது நிதானமான கூட்டம், தொட்டதற்கெல்லாம் சுணங்கிக்கொள்ளும். முதல் கூட்டம் ஆக்கிப்போடுவதை இரண்டாவது கூட்டம் தின்று தீர்க்கிற அளவுக்குத்தான் தினமும் தீனி போட வேண்டும். கூடப் போட்டால் அமிலம் தேங்கும், இரண்டாவது கூட்டம் படுத்துவிடும். இதை எல்லாரும் ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டதோடு சரி.

ஆய்வுக்குழு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே வருகிறது என்று தகவல் வந்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, டிரம் இன்னும் எழும்பவே இல்லையே. ரெட்டிப்பாப் போடச் சொல்லு."

"ரெட்டிப்பாப் போட்டா ரெட்டிப்பா வராது சார். கெட்டுப்போகும்."

"இன்ஜினியர் மாதிரிப் பேசு. மாட்டுக்காரி மாதிரிப் பேசாத."

"இந்தத் தொட்டிக்கு ரெண்டு பேரும் வேணும் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அவருக்கு அண்டாவை உடைத்தாவது கை நுழைந்தாக வேண்டும். நான் இல்லாத சனி ஞாயிறில் மாணவர்களைக் கூப்பிட்டு, பாடமும் உங்கள் மேடத்தின் வேலையும் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அது விடுதி விழா முடிந்த சமயம். மிஞ்சிய சோறும் சர்க்கரைப் பொங்கலும் அண்டா அண்டாவாகக் கிடந்தன. எழுமலைப் பையன் முன்னால் நின்று அத்தனையையும் தொட்டிக்குள் கவிழ்த்தான்.

திங்கள் காலை நான் போனபோது டிரம் ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது. பையன்கள் கைதட்டினார்கள். முதல்வர் வெற்றிப் பார்வையோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கோ பழைய சோறு புளித்த வாடை மூக்கில் ஏறியது. நீல லிட்மஸ் தாளைக் கரைசலில் நனைத்தேன், சிவப்பாகிவிட்டது. அடுப்பைத் திறந்து தீக்குச்சியைக் காட்டச் சொன்னேன். குச்சி அணைந்தது. இன்னொன்றைக் காட்டினார்கள், அதுவும் அணைந்தது. டிரம் நிறைய வாயு இருந்தது, எரிகிற வாயு இல்லை. யாரும் கைதட்டவில்லை.

முதல்வரிடம் அதற்கும் வழி இருந்தது. "ஒரு சிலிண்டரச் செவுத்துக்குப் பின்னால வச்சு டியூப்ப இழுத்துருவோம். எரிஞ்சாச் சரிதான" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சோற்றால் வந்த வினையைச் சிலிண்டரால் மறைக்கச் சொன்னவர் இவர்தான். சிலிண்டர் வந்தால் நான் வரமாட்டேன் என்றேன். வேலை போனால் என்னிடம் அழக்கூடாது என்றார். நான் அழுகிற ஜாதி இல்லை.

சிலிண்டர் வரவில்லை, குழு வந்தது. தொட்டியருகே அழைத்துப்போய், "இது கெட்டுப்போச்சு சார். புளிச்சிருச்சு" என்றேன். முதல்வர் தரையைப் பார்த்தார். குழுவில் மூத்தவர், கெட்டுப்போனதை எதற்காகக் காட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

"எரிஞ்சிருந்தா ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிருப்பீங்க. எரியலை. ஏன் எரியலைன்னு என் பசங்க சொல்லுவாங்க, கேளுங்க."

எழுமலைப் பையன் முன்னால் வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"நாந்தான் சார் சோத்தக் கொட்டுனேன். எங்க வீட்டுல ஒரு மாட்டுப்பொங்கலன்னைக்கு, ஆசையில ஆளாளுக்குப் பொங்கல ஊட்டி, மாடு வயிறு உப்பிப் படுத்துருச்சு. சோறு உள்ள போயிப் புளிச்சா மாடு அசைபோடாது. தொட்டிக்குள்ளயும் அதான் சார் நடந்திருக்கு." கொஞ்சம் நிறுத்தி, என் பக்கம் திரும்பினான். "மாடுன்னு நெனச்சிருந்தாப் போட்டிருக்க மாட்டேன் மேடம். தொட்டின்னு நெனச்சுட்டேன்."

அந்தப் பருவம் முழுக்க நான் கரும்பலகையில் எழுதிய எல்லாமும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. இனி என்ன செய்வாய் என்று மூத்தவர் அவனைக் கேட்டார். தீனியை நிறுத்த வேண்டும், சுண்ணாம்புத் தண்ணீரைச் சிறுகச் சிறுக விட வேண்டும், நன்றாக எரிகிற வேறொரு தொட்டியிலிருந்து கரைசல் கொண்டுவந்து கலக்க வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும் என்றான். எவ்வளவு நாள் என்றார். "அதுக்குத் தோணுற வரைக்கும் சார்" என்றான்.

குழு சிரித்தது. சிரித்துவிட்டு, பாடத்தை அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனது. முதல்வர் அறையில் எனக்குத் தேநீர்கூட வரவில்லை. "தவளை தன் வாயாலதாம்மா கெடும்" என்றார். என் மாணவர்கள் தலைமுழுகிய தவளை கடைசியில் நானாகிப் போனேன். பருவம் முடியும்வரை இருக்கலாம், அதற்குமேல் நீட்டிப்பு இல்லை என்றார்.

மாணவர்கள் வேறு பாடத்துக்கு மாற்றப்பட்டார்கள். ஆனாலும் சாயங்காலமானால் தொட்டியடிக்கு வந்தார்கள். மதிப்பெண் இல்லாத பாடத்துக்கு அப்படி ஒரு வருகையை நான் அதற்குப் பின் எந்தக் கல்லூரியிலும் பார்க்கவில்லை. திருவாதவூரில் ஒரு விவசாயி வீட்டுத் தொட்டி நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து பால் கேன்களில் கரைசல் எடுத்துவந்து கலந்தார்கள். புளித்த வாடை போய்ச் சாண வாடை திரும்பியபோது, மல்லிகைப்பூ மணம் வந்ததுபோல் எல்லாரும் மூச்சை இழுத்தோம்.

என் கடைசி வாரத்தில் அது எரிந்தது. நீலச் சுடர், புகையில்லை. பையன்கள் அதிலேயே தேநீர் போட்டார்கள். முதல்வர் வந்து பார்த்தார். "இத அன்னைக்கே காட்டியிருந்தா உன் வேலை இருந்திருக்கும்ல" என்றார்.

"அன்னைக்கு இது சீக்குல கெடந்துச்சு சார். சீக்காளியப் போயி ஆடச் சொன்னீங்க."

எழுமலைப் பையன் ஒரு தம்ளரை அவர் முன் நீட்டினான். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. நான் இரண்டு தம்ளர் குடித்தேன்.

வேறொரு ஊர்க் கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. புறப்படும் அன்று அந்தத் தொட்டியிலிருந்து ஒரு கேன் கரைசல் மொண்டுகொண்டேன். புது வீட்டுக்குப் போகிறவர்கள் உறைமோர் எடுத்துப்போவதில்லையா, அதுபோலத்தான். போகிற இடத்தில் புதுத் தொட்டி கட்டி இதை ஊற்றித்தான் தொடங்குவது என்று முடிவு செய்திருந்தேன். என்னை வெளியே அனுப்ப முதல்வரால் முடிந்தது, அவ்வளவுதான். வாயு வெளியேறட்டும் என்று மூடியைத் தளர்த்தி, பஸ்ஸில் மடியில் வைத்திருந்த கேனைக் கண்டக்டர் முகம் சுளித்துப் பார்த்தார்.

"என்னம்மா அது, இம்புட்டு நாத்தம்? மூடிய இறுக்கி மூடும்மா."

"மூட முடியாதுண்ணே" என்றேன். "உள்ள இருக்கிறது உசுரோட இருக்கு."