சுளகுக்கு அடியில் ஒட்டிய பொட்டு

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து பெண்கள் மறுபடி முறம் போன்ற சுளகை மடியில் எடுத்து வைத்த நேரத்தில், கலீபுல்லா செல்போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயை வாங்கித் தரம் பிரித்து வெளியூருக்கு அனுப்புகிறவர் அவர். போடியில் அவருடைய கூடத்தில்தான் சந்திரவல்லி காய் பொறுக்குகிறாள்.

“ஏம்மா, ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு ஜப்பான்காரம்மா வந்துச்சே, அதப் பத்தின படம் வந்திருச்சு.”

“யாரு, நச்சியம்மாவா?” என்றாள் பக்கத்தில் காய் பொறுக்கும் அலிமா.

அந்தப் பெண்மணியின் பெயர் நட்சுயோ ஹிராமட்சு. கூடத்தில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. வந்த மறுநாளே நச்சியம்மா ஆக்கிவிட்டார்கள்.

“அதேதான். ஏதோ பட விழாவாம். தியேட்டர்ல இல்ல, ஆன்லைன்ல. ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஆறு மணிக்கு. யாரு வேணாலும் செல்லுலயே பாத்துக்கிறலாம். நம்ம குரூப்புல லிங்க் போட்டுட்டேன். மொதல்ல இந்தத் துண்டப் பாருங்க.”

முன்னோட்டம் ஓடியது. பனி மூடிய ஒரு ஊர், ரம்பம் இழுக்கும் ஒரு கிழவர், நச்சியம்மாவின் நரைத்த குட்டை முடி. பிறகு சட்டென்று இதே கூடம், இதே சன்னல். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அப்போது அலிமாவின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் துல்லியமாகக் கேட்டது: “இந்தக் கீரிப்பிள்ளைக்குக் கொஞ்சம் பால ஊத்துங்கடி. பாவம், ஜப்பான்லருந்து வெயில்ல வந்திருக்கு.”

கூடம் சிரித்து அடங்க நேரமாயிற்று. படக்காரர்கள் கொண்டுவந்திருந்த, முடி முடியாக உறை போட்ட மைக்கைத்தான் அலிமா அன்றைக்குக் கீரிப்பிள்ளை என்றாள்.

சந்திரவல்லி சிரிக்கவில்லை. அவள் விரல்கள் காய்மேல் அப்படியே நின்றுவிட்டன. அலிமாவின் பேச்சு இவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது என்றால், அன்றைக்குத் தான் பேசியதும் விழுந்திருக்கும்.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பச்சை குறையாத பெரிய காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பிரித்துத் தள்ளும்போது கண் சுளகைவிட்டு நகராது. வாய்க்கு மட்டும் கட்டு இல்லை. வீட்டில் சொல்ல முடியாததெல்லாம் அங்கே வெளியே வரும். சொல்கிறவள் காயைப் பார்த்துச் சொல்வாள். கேட்கிறவளும் காயைப் பார்த்தே கேட்பாள். வாசலைத் தாண்டிய பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கணவன் இறந்து, கைக்குழந்தையோடு அந்தக் கூடத்துக்கு வந்த நாளிலிருந்து சந்திரவல்லி எத்தனையோ பேருடைய கதையைக் கேட்டிருக்கிறாள். தன் கதையைச் சொன்னது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையும் நச்சியம்மா வந்திருந்தபோது அமைந்துபோயிற்று.

நச்சியம்மா உலகம் முழுக்க அலைந்து, மனிதர்கள் கையால் செய்யும் வேலையின் சத்தத்தைச் சேகரிப்பவர். அந்தச் சத்தங்களை ஒரு காலி அறையில் ஒலிக்கவிட்டு ஆட்களை உட்காரவைப்பாராம். அதுதான் அவருடைய கலை. அவரைப் பற்றிப் படமெடுக்க ஒரு குழுவும் கூடவே வந்திருந்தது. அன்றைக்கு அந்தக் குழுவில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் டீ குடிக்கப் போய்விட்டான். நச்சியம்மா குனிந்து, சந்திரவல்லியின் சுளகுக்கு அடியில் கறுப்பாக, பொட்டு மாதிரி எதையோ ஒட்டினார். சிரித்தார். பக்கத்தில் கீரிப்பிள்ளையும் இருந்தது. காய் உருளும் சத்தம்தானே அவருக்கு வேண்டும், நம் பேச்சு அவருக்கு என்ன புரியப்போகிறது என்று பெண்கள் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். சந்திரவல்லியும் காயைப் பார்த்தபடியே அலிமாவிடம் சொன்னாள், தேவிக்கு மறுபடி வலிப்பு வந்துவிட்டது என்று.

தேவி அவளுடைய ஒரே மகள். சின்ன வயதில் வலிப்பு வந்து, மருந்தில் நின்று, எல்லோருக்கும் மறந்தே போயிருந்த ஒன்று. அந்த வாரம் திரும்பி வந்தது. மதுரை டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதற்குப் பிறகு வரவில்லை. ஆனாலும் தூங்கும் மகளின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்க்காமல் சந்திரவல்லி படுப்பதில்லை. இப்போது தேவிக்குப் பக்கத்து ஊரான தேவாரத்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமாகியிருந்தது. யோகராஜ் மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன். ஆவணியில் கல்யாணம். வலிப்பைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அலிமாவைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனாள்.

“அக்கா, அன்னைக்கு நான் சொன்னது அதுல வந்திருக்குமா?”

அலிமாவுக்குப் பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று. பிடிபட்டதும் முகம் மாறியது. “ஒன் சொளகுலதான புள்ள அதையும் ஒட்டுனாங்க.”

“வெளிநாட்டுக்காரங்களுக்குப் புரியாதுல்ல?”

“அவுகளுக்குப் புரியாது. அவுகளுக்கு அது சத்தம். நமக்குத்தான பேச்சு.”

சந்திரவல்லி கலீபுல்லாவிடம் போனாள். காரணத்தைச் சொல்லாமல், அந்தக் கூடம் வருகிற இடத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

“எதுக்கு? சேலை நல்லா இல்லியா?”

“சும்மாதான் கேட்டேன், முதலாளி.”

“படம் ஜப்பான்ல இருக்கு தாயி. நான் என்ன இங்க கத்திரிக்கோலு வச்சுக்கிட்டா இருக்கேன்? சந்தோசமாப் பாரு.”

அன்று அவள் சுளகில் வெளுத்த காய் இரண்டு முறை நல்ல காயோடு கலந்தது. கலீபுல்லா பார்த்துவிட்டுத் தானே குனிந்து பிரித்துப் போட்டார். அவள் கையில் அப்படி நடந்து அவர் பார்த்ததில்லை.

சனிக்கிழமை யோகராஜே கூப்பிட்டான். “அத்தே, நீங்க படத்துல வர்றீங்களாமே. அலிமாக்கா மகன் தௌஹீத் லிங்க் அனுப்பிவிட்டான். நம்ம வீட்டுல டிவியில போட்டு எல்லாரும் பாக்கப்போறாக. அம்மா பக்கத்து வீட்டையும் கூப்புட்டிருக்கு.”

“நீங்க பாக்கலியா மாப்ள?”

“ஞாயித்துக்கிழம டிரிப்பு இருக்கு அத்தே. எஸ்டேட்டுக்குள்ள சிக்னல் எடுக்காது. போடிமெட்டுக்கு இறங்குனதும் டீக்கடையில உக்காந்து பாத்துருவேன்.”

சந்திரவல்லி போனைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். பூட்டியதா என்று இழுத்துப் பார்த்தாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தாள். எங்கே கிளம்பினோம் என்பது மறந்திருந்தது.

படம் ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியாவது நின்றுபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். மலையில் மழை பிடித்து ஊரெல்லாம் கரண்டு போனால் நன்றாக இருக்கும். ஆனால் செல்போனுக்குக் கரண்டு எதற்கு? தேவாரத்தில் யானை இறங்கினாலாவது அந்த வீட்டார் டிவியை அணைத்துவிட்டு வெளியே ஓடுவார்கள். இப்படியெல்லாம் நினைப்பு ஓடியது. பிறகு அந்த வீட்டில் டிவி முன்னால் பாய் விரித்து, பக்கத்து வீட்டாருக்கும் இடம் ஒதுக்கி, ‘இதுதான் நம்ம சம்பந்தி’ என்று காட்டிக்கொண்டிருக்கும்போது தன் குரல் வெளியே வருவதை நினைத்தாள்.

ஞாயிறு மதியம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவள் அள்ளிய சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“என்னம்மா, வெள்ளிக்கிழமையிலருந்து நீ சரியில்ல,” என்றாள் தேவி.

சந்திரவல்லி சொன்னாள். சுளகைப் பார்ப்பது போலத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தேவி கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே நின்றாள். ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவள்.

“பூ வைக்க வந்த அன்னைக்கே நான் சொல்றேன்னு சொன்னேன்.”

“சொன்ன.”

“வேணாம்னது யாரு?”

“நான்தான் ஆத்தா.”

“மாத்திரை கேக்குது, கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்ன. அதுக்கு முன்னாடியே மைக்க வச்சு ஊருக்குச் சொல்லிட்ட. எனக்குத்தான் வாயக் கட்டிப்போட்டுட்ட.”

“மைக்குன்னு தெரியும்த்தா. அதுக்குத் தமிழ் தெரியாதுன்னு நெனச்சுட்டேன்.”

தேவிக்கு ஒரு நொடி சிரிப்பு வந்துவிட்டது. அதுவே அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. “அவரு அந்த டீக்கடையில நாலு டிரைவர் மத்தியில உக்காந்து இதக் கேக்கணுமா? அதுக்கு முன்னாடி நம்ம சொல்லணும்.”

“நீ சொல்றியா?”

“நான் அன்னைக்கே தயார். இப்ப நீ சொல்லு. வேணாம்ன வாய்தான சொல்லணும்.”

யோகராஜின் எண் கிடைக்கவில்லை. மலைக்குள் இருந்தான். சந்திரவல்லி தன் போனில் வாட்சப்பைத் திறந்தாள். தேவி காட்டிய இடத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“மாப்ள, நான் அத்தை பேசுறேன். தேவிக்குச் சின்னதுல வலிப்பு இருந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருக்க வந்துச்சு. மாத்திரை போடுறா, அதுக்கப்பறம் வரல. அவ சொல்லணும்னுதான் சொன்னா. நான்தான் தடுத்தேன். அவ மேல கோவப்படாதீங்க. இன்னைக்குப் படத்துல வந்தாலும் வரும். அதான்...” அதோடு விரலை எடுத்துவிட்டாள்.

செய்தி போயிற்று. பக்கத்தில் ஒற்றை டிக்.

அதற்குப் பிறகு ஆறு மணி வரை அந்த ஒற்றை டிக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை மடியில் வைத்தாள், சன்னல் விளிம்பில் வைத்தாள், மறுபடி மடிக்கு எடுத்தாள். “போன எங்க வச்சாலும் மலையில சிக்னல் அப்படியேதாம்மா இருக்கும்,” என்றாள் தேவி.

ஆறு மணிக்குத் தேவியின் போனைச் செம்பில் சாய்த்து வைத்துப் படத்தைத் தொடங்கினார்கள். நச்சியம்மா ஜப்பானியத்தில் பேச, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. தேவி படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். ரம்பம் இழுக்கும் கிழவர். கடலோரத்தில் வலை பிரிக்கும் பெண்கள். ஒரு காலி அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஆட்கள். சந்திரவல்லிக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. ஒவ்வொரு காட்சி மாறும்போதும் முந்தானையை இறுக்கிப் பிடித்தாள்.

பிறகு போடி வந்தது. பஸ் ஸ்டாண்டு, மலை, கூடம். அலிமாவின் கீரிப்பிள்ளை. பெண்களின் சிரிப்பு. அடுத்து சந்திரவல்லியின் சுளகு, திரை முழுக்க. அவளுடைய விரல்கள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கேட்டது மழை மாதிரி ஒரு சத்தம். ஓட்டின் மேல் தூறல் விழுவது போல, காய் சுளகில் தட்டி உருளும் சத்தம் மட்டும். பேச்சே இல்லை. அந்தக் கறுப்புப் பொட்டு சுளகுக்குள் நடந்ததை மட்டும்தான் எடுத்திருந்தது. சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. கண்ணைத் திறந்தாள். திரையில் அவள் விரல்கள் காயின்மேல் அசையாமல் கிடந்தன. மூச்சு ஒன்றை இழுத்து விடும் நேரம். பிறகு ஒரு காய் உருண்டது. மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

நச்சியம்மா ஏதோ சொன்னார். தேவி படித்தாள்: “பேச்சு அவர்களுடையது. அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த இடத்தில் ஏதோ நடந்தது. என்னவென்று கேட்கவில்லை. எனக்கு இந்த நிறுத்தம் போதும்.”

“அவ்வளவுதானா?” என்றாள் சந்திரவல்லி.

“அவ்வளவுதான். நச்சியம்மா வேற ஊருக்குப் போயிருச்சு பாரு.”

தேவாரத்தில் அந்த வீட்டார் இந்த மழையைத்தான் கேட்டிருப்பார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. சந்திரவல்லி சட்டென்று தன் போனை எடுத்தாள். இன்னும் ஒற்றை டிக்தான். குரூப்பில் தப்பாக எதையாவது அனுப்பிவிட்டால் எப்படி அழிப்பது என்று அலிமா ஒருமுறை காட்டிக்கொடுத்திருந்தாள். செய்தியின்மேல் விரலை வைத்து அழுத்தினாள். ‘எல்லாருக்கும் அழிக்கவா’ என்று கேட்டது.

தேவி படத்தை நிறுத்தவில்லை, போனைப் பிடுங்கவும் இல்லை. “அழிக்கணும்னா அழிச்சுக்கம்மா,” என்றாள். “கல்யாணத்துக்கப்பறம் மாத்திரைய எங்க ஒளிச்சு வைக்கிறதுன்னு மட்டும் சொல்லிரு.”

விரல் அந்த எழுத்துக்கு மேலேயே நின்றது. அரிசிப் பானைக்குள்ளா, துணி அடுக்குக்கு நடுவிலா? தினம் ராத்திரி அவன் அந்தப் பக்கம் திரும்பும் வரை காத்திருந்தா? சந்திரவல்லிக்கு அந்த வீட்டின் அடுப்படி வரைதான் தெரியும். அதற்குள் ஒரு இடம் தேடினாள். கிடைக்கவில்லை.

போனைத் தரையில், முகம் மேலே தெரிய வைத்தாள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டாவது டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் நீலமாயின. போன் அடித்தது.

“அத்தே,” என்றான் யோகராஜ். பின்னால் ஜீப் இரைந்துகொண்டிருந்தது. குரலில் ஒன்றும் தெரியவில்லை. “தேவிகிட்டக் குடுங்க.”

தேவி போனை வாங்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். கதவு பாதி சாத்தியிருந்தது. சந்திரவல்லிக்கு மகளின் குரல் கேட்டது, சொல் ஒன்றும் பிடிபடவில்லை. குரல் ஓடியது. நின்றது. வெகுநேரம் நின்றது போலிருந்தது. மறுபடி தொடங்கியது, முன்னைவிட மெதுவாக.

தேவி உள்ளே வந்தபோது முகம் சிவந்திருந்தது. அழுதாளா என்று தெரியவில்லை.

“என்ன ஆத்தா சொன்னாரு?”

“என்ன மாத்திரை, வந்தா என்ன செய்யணும்னு கேட்டாரு. சொன்னேன். மொதல்லயே சொல்லலியேன்னு வருத்தம்தான். அத மறைக்கல.”

“அவுக அம்மா?”

“அவரே சொல்றாராம். நாளைக்குச் சாயங்காலம் அவரும் அவுக அம்மாவும் வர்றாங்க. பேசணுமாம்.”

“என்ன பேச?”

“தெரியலம்மா. வரட்டும்.”

மறுநாள் காலையில் கூடத்தில் எல்லோரும் படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். “நம்ம பேச்சையெல்லாம் முழுங்கிப்பிட்டா நச்சியம்மா,” என்று யாரோ குறைபட்டார்கள். அலிமா சுளகோடு நகர்ந்து வந்து சந்திரவல்லியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் காயைப் பார்த்தார்கள்.

“சாயங்காலம் வர்றாகக்கா,” என்றாள் சந்திரவல்லி.

“வெரசாப் பொறுக்கிட்டுக் கெளம்பு. நானும் வர்றேன், டீ போட ஆள் வேணும்ல.”