சொர்ணத்தின் காலுக்கு வந்த சீர்

புண்ணுக்குக் கட்டுப் போடுவதைக் கடைசி வேலை என்று நினைப்பவர்கள், ஒரு புண் ஆறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் நான் நர்ஸாக இருந்தேன். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கார்பாலிக் மருந்து வாடையோடு சோறு பிசைந்து தின்ற என் நர்ஸ் கூட்டத்தாரே, உங்களுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும்.

நடுவில் ஆறாத புண்

ராதாபுரம் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து சொர்ணத்தை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். கருப்பட்டிக்குக் காய்ச்சிய பாகு சட்டியோடு கவிழ்ந்து, வலது கால் முழங்காலுக்குக் கீழே வெந்து போயிருந்தது. பச்சிலை, எண்ணெய், மந்திரித்த விபூதி எல்லாம் பார்த்தாகிவிட்டது. எங்களிடம் வருகிறவர்கள் எப்போதுமே எல்லாம் பார்த்து முடித்தவர்கள்தானே!

தினமும் கழுவிக் கட்டினேன். சீழ் நின்றது, சதை நல்ல சிவப்பாக வந்தது. ஆனால் தோல் ஓரத்திலிருந்து விரற்கடை வந்து நின்றுவிட்டது. எங்கள் டாக்டரம்மா சீமையிலிருந்து வந்தவர். வேதப்புத்தகத் தமிழில்தான் பேசுவார். "தோல் தோலிலிருந்தே பிறக்கும், மாம்சத்திலிருந்து பிறவாது" என்றார். நடுவில் தோலே இல்லை, பிறகு எங்கிருந்து பிறக்கும்? திறந்தபடியே கிடந்து சீழ் எலும்புக்குப் போனால் காலை எடுக்க வேண்டியதுதான். புருஷன் பனை ஏறுகிறவன், பாகு காய்ச்சுவது இவள். சொர்ணம் அழவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "காலு போனா அடுப்புக்கிட்ட எப்படிக் குத்தவைப்பேன் நர்ஸம்மா? அவுக எறக்குத பதனீ பூராவும் புளிச்சுல்லா போவும்."

யார் தோல்?

வேறோர் இடத்துத் தோலைச் சின்னச் சின்னதாகச் சீவியெடுத்துப் புண்ணின் நடுவே வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. சொர்ணமோ காய்ச்சலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். அவள் உடம்பில் இன்னொரு புண்ணை உண்டாக்க டாக்டரம்மாவுக்கு மனம் வரவில்லை. உறவில் யாராவது கொடுக்கட்டும் என்றார்.

புருஷன் உடனே வேட்டியை மடித்துக் கட்டினான். அவள் அண்ணன் வேலாயுதம் குறுக்கே வந்து விழுந்தார். வருஷம் தவறாமல் தங்கைக்குப் பொங்கல்படி என்று பிறந்த வீட்டுச் சீரைக் கொண்டுபோய்க் கொடுக்கிற மனிதர். வார்டே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார்: "மாப்ள, வேட்டியக் கீழ விடும்வே! பொறந்த வீட்ல நான் ஒருத்தன் இருக்கையில நீரு தோல் குடுத்தீருன்னா, ஊரு என் மூஞ்சில துப்பாதா?"

நடவு

டாக்டரம்மா அண்ணன் தொடையில் ஊசியால் தோலைத் தூக்கி, கத்தியால் உளுந்தளவு சீவிச் சீவிக் கொடுத்தார். நான் புண்ணில் இடம் விட்டு விட்டு வைத்துக்கொண்டே போனேன். ஒன்றுகூடத் தவறி விழவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். வேலாயுதமும் ஒரு முனகல் முனகவில்லை, கல்யாண வீட்டில் தாம்பாளம் நீட்டுகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

சொர்ணத்துக்கு மட்டும் முகம் வாடியிருந்தது. வலிக்கிறதா என்று குனிந்து கேட்டேன். அவள் என் காதோடு கேட்டாள்: "அண்ணன் தோலுல்லா நர்ஸம்மா, கால்ல மீச மொளச்சிராதே?"

கண்ணாடிக்குள்ளே

துண்டுகள் பிடித்துக்கொண்டன. ஒவ்வொன்றைச் சுற்றியும் இளஞ்சிவப்பாக ஒரு கரை படர்ந்தது. நான் துள்ளாத குறை. அன்று டாக்டரம்மா என்னை மைக்ரஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார். மிஞ்சிய ஒரு துண்டுத் தோலைக் குறுக்கே சீவி, சாயம் ஏற்றி வைத்திருந்தார். செல் என்கிற சின்னச் சின்ன அறைகள், வரிசை வரிசையாக. அடி வரிசையில் இருப்பவை ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்குமாம். பிரிந்ததில் சில அடியிலேயே தங்கி மறுபடி பிரியும். மற்றவை மேலே போகப் போகத் தட்டையாகி, காய்ந்து, நமக்குக் காவலாக இருந்து, கடைசியில் அழுக்கோடு உதிரும். நம் எல்லார் உடம்பிலும் ஓயாமல் இதுதான் நடக்கிறது என்று கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆழ்வார்திருநகரிக்காரியான வார்டு ஆயா கோமதியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நான்கு பிள்ளை பெற்றவள். துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போடாமலே சொன்னாள்: "அடியில கெடக்குதவ பெத்துக்கிட்டே கெடக்கணும், மேல போனவுக ஒண்ணும் செய்யாம உதுந்து போவாக. இதப் பாக்க கண்ணாடி எதுக்கும்மா, எங்க வீட்டுக்கு வந்தாப் போதுமே?"

திரும்பி வந்த சீர்

மூன்றாவது வாரம் கட்டைப் பிரித்தேன். கரைகளெல்லாம் கரைந்து, ஒட்டிய துண்டுகள் துணியோடு வந்துவிட்டன. நான் கழுவும் அறைக்குள் போய் அழுதேன். ஒருவர் தோல் இன்னொருவர் உடம்பில் நிலைப்பதில்லை என்று சில வைத்தியர்கள் எழுதியிருப்பதாகவும், தாம்தான் அதை நம்பவில்லை என்றும் டாக்டரம்மா சொன்னார்.

வேலாயுதத்துக்கு அது வைத்தியமாகப் படவில்லை. கொடுத்த சீரைத் திருப்பி அனுப்பினால் எங்கள் பக்கத்தில் வெட்டுக்குத்தே நடக்கும். அத்தனை பெரிய ஆள் வார்டு வாசலில் கண் கலங்கி நின்றார்: "எந் தோலு அவளுக்கு ஆவலன்னா என்ன அர்த்தம் நர்ஸம்மா? நான் அவளுக்கு அண்ணன் இல்லியா?"

மறுநடவு

அதற்குள் காய்ச்சல் விட்டு, எங்கள் கஞ்சியிலும் முட்டையிலும் சொர்ணத்தின் உடம்பு தேறியிருந்தது. டாக்டரம்மா ஜெபம் செய்துவிட்டு அவள் தொடையிலிருந்தே தோலைச் சீவினார். நான் மறுபடி நட்டேன். இந்தத் தடவை மூன்றாவது வாரம் கட்டை நூல் நூலாகத்தான் பிரித்தேன். ஒன்றும் கரையவில்லை. ஒவ்வொரு துண்டும் அகலமாகி, பக்கத்துத் துண்டோடு கைகோத்து, நாளடைவில் புண் முழுக்க மூடிக்கொண்டது. காலுக்கு இனி ஆபத்தில்லை என்றார் டாக்டரம்மா.

சொர்ணம் சுவரைப் பிடிக்காமல் வார்டின் கடைசி வரை நடந்தாள். எல்லாரும் கொண்டாட, வேலாயுதம் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார். "இது உங்கள் தங்கை தோலேதான் அண்ணாச்சி, அதனால்தான் நிலைத்தது" என்று சமாதானம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். நெஞ்சு நிமிர்ந்தது. மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்: "கேட்டீராவே மாப்ள! அவ தோலு எங்க வீட்ல பொறந்து, எங்க கஞ்சி குடிச்சு வளந்த தோலு. கட்டிக் குடுக்கையிலயே முழுசாப் போத்தித்தான் அனுப்பியிருக்கோம். இதவிட என்ன சீருவே வேணும் உமக்கு?"

வெட்டியது டாக்டரம்மா, நட்டது நான், ஓயாமல் பிரிந்து பிரிந்து வளர்ந்தது சொர்ணத்தின் தோல். பேரைத் தட்டிக்கொண்டு போனது மட்டும் வேலாயுதம் அண்ணாச்சி.