பரிபூரணமும் கார்பன் ஃபோர்க்கும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ராஜபாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் வைகுண்டராஜ் எப்படிப்பட்டவன் என்று யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். வேலை சுத்தம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அப்படிப்பட்ட என் கையை, ஓங்கிய சுத்தியலோடு சேர்த்துப் பிடித்து நிறுத்தியவள் ஒருத்திதான். பெயர் பரிபூரணம்.

சோழபுரத்துக்காரி. அப்பா ஐயாதுரைக்கு விவசாயம். பத்தாவது முடித்ததும் 1989இல் எங்கள் ஊர் நூல் மில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். நூலைக் காகிதக் கோன்களில் சுற்றுகிற பிரிவு. இழை அறுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போட வேண்டும். மில் பஸ் ஊர் ஊராகச் சுற்றும் என்பதால் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்று ஹாரன் அடிக்கும். அந்த ஒரு மணி நேரத் தூக்கத்துக்காகத்தான் லேடீஸ் சைக்கிளில் போக ஆரம்பித்தாள். வீரமெல்லாம் இல்லை, தூக்கம்தான். அந்தச் சைக்கிளுக்குச் செயின் மாற்றி மாற்றியே எனக்கு அலுத்துப்போயிற்று.

1993இல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பெண்களுக்கு ஒரு சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். ஷிப்ட் முடிந்து நேரே வந்தவள், கேரியரில் தூக்குச்சட்டி கடகடக்க ஓட்டி முதலாவதாகப் போய் நின்றாள். அதற்குப் பிறகு மாவட்டப் போட்டிகளில் அவளை அசைக்க ஆளில்லை. மாநில அணிக்கான தேர்வில் மட்டும் சிக்கல். நான்கு பேரை எடுப்பார்கள். இவள் இரண்டு தடவை ஐந்தாவது.

1998இல் மூன்றாவது தடவை லீவு கேட்டபோது மில் மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவை டீம்ல எடுத்தா சந்தோசம். இல்லேன்னா இனிமே ரேசுன்னு சொல்லிக்கிட்டு லீவுக்கு வந்து நிக்காத." மனிதரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு மெஷின் ஓட வேண்டும். அன்று சாயங்காலம் கடைக்கு வந்து அதை அப்படியே என்னிடம் ஒப்பித்தாள்.

நல்ல வேளையாக மாவட்டச் சங்கச் செயலாளர் சௌந்தரபாண்டியன் மெட்ராஸில் யாரிடமோ கேட்டு ஒரு பழைய ரேஸ் சைக்கிளைப் பார்சலில் வரவழைத்திருந்தார். கழற்றிப் பிரித்த சைக்கிள். முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் மொத்தமும் கார்பன், மேலே எழும்பி ஹேண்டில்பாரைத் தாங்குகிற கழுத்துக் குழாய் உட்பட. கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை.

அந்தக் குழாயின் மேல்மூடி போல்ட்டை இறுக்கினால் ஃபோர்க் மேலே இழுபட்டு ஆட்டமில்லாமல் உட்காரும். அந்த போல்ட் பிடித்துக்கொள்ள குழாய்க்குள் ஏதாவது வேண்டும். பார்சலில் ஒரு ஸ்டார் நட் கிடந்தது. சுற்றிலும் பல் வைத்த சின்னத் தகடு. குழாய்க்குள் வைத்துச் சுத்தியலால் நாலு போடு போட்டால் பல் கடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதானே என்று நான் கையை ஓங்கினேன். பரிபூரணம் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நிறுத்துங்க."

"கைய விடுட்டி."

"உள்ள பாருங்க. இது இரும்பில்ல, நூலு. நூலைப் பசை போட்டு ஒட்டியிருக்கு. பல்லு கீறினா இழை அறுந்துரும். ஒரு இழை அறுந்தா பக்கத்து இழை எம்புட்டு நேரம் தாங்கும்? எங்க மில்லுல வந்து பாருங்க."

கோபத்தோடுதான் குனிந்து பார்த்தேன். கறுப்பு கறுப்பாகக் குறுக்கே ஓடும் இழைகள். அவள் சொன்னது சரி. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

சௌந்தரபாண்டியன் மறுபடி மெட்ராஸுக்குப் போன் போட்டார். கார்பன் குழாய்க்குப் பல் ஆகாதாம். உள்ளே போய் விரிந்து பிடிக்கிற எக்ஸ்பாண்டர் பிளக்தான் வேண்டுமாம். அடுத்த வாரம் இரண்டு வந்தன. ஒன்று குட்டையானது, சுண்டுவிரலின் ஒரு கணுவளவு, பஞ்சு போன்ற கனம். இன்னொன்று அதைப்போல் இரண்டு மடங்கு நீளம், வழவழவென்று, நெடுகக் கீறல் விட்ட உருளை. வெர்னியர் வைத்து அளந்தேன். இரண்டுமே குழாய்க்குள் போகும்.

"சின்னதைப் போடும்மா. ரேஸ்காரங்க ஒவ்வொரு கிராமும் பாக்காங்க," என்றார் சௌந்தரபாண்டியன். நானும் தலையாட்டினேன். பரிபூரணம் மட்டும் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

மறுநாள் மில்லில் கழித்துப்போட்ட கோன்கள் சிலவற்றைக் கேட்டு வாங்கி வந்தாள். அட்டையைக் கீறி நனைத்து, கார்பன் குழாயின் அளவிலேயே ஒரு கம்பியில் சுருட்டி, பசை தடவிக் காயவைத்தாள். கார்பனில் கைவைக்குமுன் சோதித்துப் பார்க்க இரண்டு காகிதக் குழாய்கள். காய்வதற்கு மூன்று நாள் ஆனது. என் கடையில் விளக்குமாறு வைக்கிற மூலை பறிபோனது.

முதல் குழாய்க்குள் சின்ன பிளக்கை விரித்து வைத்தோம். வெளியே, ஹேண்டில்பாரைப் பிடிக்கிற ஸ்டெம்மை மாட்டி, அதன் இரண்டு போல்ட்டில் மேலே உள்ளதை இறுக்கினேன். நின்றது. கீழ் போல்ட்டை இறுக்கினேன். பொதுக்கென்று உள்ளே நசுங்கியது.

"சின்ன பிளக்கு கீழ வரைக்கும் எட்டல, அங்க குழாய்க்கு முட்டு இல்ல அண்ணாச்சி. கோனை ஓரத்துல மட்டும் பிடிச்சாலும் இப்பிடித்தான் நசுங்கும். உள்ள நெடுகப் பிடிக்கணும்."

இரண்டாவது குழாயில் நீள பிளக். இரண்டு போல்ட்டையும் இறுக்கினேன். ஸ்டெம்மைக் கழற்றிப் பார்த்தால் காகிதத்தில் லேசான தடம், அவ்வளவுதான். சௌந்தரபாண்டியன் விடுவாரா? "கனம் கூடுதே," என்றார்.

"அன்னைக்கு ஒரு இட்லி கொறைச்சுச் சாப்பிடுதேன் சார்," என்றாள்.

நீளமானதையே போட்டோம். பதினெட்டு வருஷத் தொழிலில் கஸ்டமர் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க மாட்டேன்.

தேர்வு ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கி, கிருஷ்ணன்கோவில் தாண்டிப் போய்த் திரும்புவது. நான் டி.வி.எஸ். 50இல் பின்னால் போனேன். திரும்பி வரும்போது இவள் ஆறாவது. கிருஷ்ணன்கோவிலுக்குப் பக்கத்தில் பாலம் வேலைக்காக ரோட்டைக் குறுக்கே வெட்டி, மண் போட்டு மூடியிருந்தார்கள். அந்த மண் இறங்கியிருந்தது. முன்னால் போனவர்கள் பிரேக்கைப் பிடித்தார்கள், ஒருத்தி தடுமாறி ஓரம் கட்டினாள். பரிபூரணம் பிரேக்கைத் தொடவில்லை. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து நேராக அதில் இறங்கினாள். முன்சக்கரம் குத்திய சத்தம் எனக்குக் கேட்டது. என் உயிர் போய் உயிர் வந்தது. சைக்கிளின் கழுத்தில் ஒரு ஆட்டம் இல்லை. ஏறி வெளியே வந்தபோது இரண்டு பேரைத் தாண்டியிருந்தாள்.

நாலாவது. முடிவுக் கோடு வரை அந்த இடத்தை விடவில்லை.

சௌந்தரபாண்டியன் மைக்கில் நாலு பேரை வாசித்தார். கடைசிப் பெயரை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். நான் அழுதேன், சொல்வதற்கென்ன. பரிபூரணம் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்து முடித்து, பழக்கத்தில் முந்தானையைத் தேடி, அது இல்லாததால் பனியன் கையால் வாயைத் துடைத்தாள்.

"அண்ணாச்சி, அடுத்த ரேஸ் எந்தத் தேதின்னு அவியகிட்ட கேட்டுட்டு வாங்க. லீவு எழுதிக் குடுக்கணும்."