தாழ்ப்பாள் போடாத பாட்டு

பேருந்தில் ஜன்னலோரம் காலியாக இருந்தாலும், அவர் போய் உட்காருவது போனில் பேசிக்கொண்டிருப்பவரின் பக்கத்தில்தான். மடியில் ஒரு புத்தகம் விரிந்திருக்கும், பக்கம் புரளாது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டு நடந்து திரும்புவது வாடிக்கை. "சண்டை பாதியில இருக்கும்போது எப்படி இறங்குறது?" என்பார்.

பாட்டு எழுதுவது அவர் தொழில். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘காது’. மெட்டு கைக்கு வந்ததும் அடுப்பைத் தேய்த்துக்கொண்டே முணுமுணுப்பார். நாக்கில் உருளாத சொல்லை அங்கேயே கழித்துக்கட்டிவிடுவார். நிலா, தென்றல் என்று இசையமைப்பாளர் ஆரம்பித்தால் முகம் சுருங்கும். "நிலாவை யாரு தொலைச்சா? வீட்டுச் சாவியத் தொலைச்சவங்கதான் அதிகம். அதை எழுதுவோம்."

அவருடைய அக்காவுக்குப் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. மாமா கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன வாரம், அக்கா போனில் சொன்னார்: "கதவ சாத்திட்டேன்டி. தாழ்ப்பாள் மட்டும் போடல."

அந்த வரி மெட்டுக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. பெயரா இருக்கிறது, ஊரா இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பாட்டு பற்றிக்கொண்டது. பழக்கடையில், லிஃப்டில், பள்ளி வேனில் எல்லாம் அதே வரி. ஊர் கொண்டாடக் கொண்டாட இவர் ஒளிந்து திரிந்தார். அக்காவின் அழைப்பு வந்தால் போனைத் தலையணைக்கு அடியில் திணித்தார். கூடப்பிறந்தவளின் மானத்தைக் கடைத்தெருவில் கூவி விற்றுவிட்டோமே என்று சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவே வந்து நின்றார். துவைத்துக் காய்ந்த போர்வைகள் கட்டிலில் குவிந்து கிடந்தன.

"போனை எடுக்க மாட்டியா?"

"வேலைக்கா..."

"பொய் சொல்லாத. பாட்டைக் கேட்டுட்டேன்."

தங்கை ஒரு சின்னப் போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். "தப்புதான்கா. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்தான். மொதல்ல உன்னைக் கொன்னுடலாம்னு இருந்துச்சு." அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "அப்புறம் பாத்தா, எங்க நர்ஸ் பொண்ணு, 'இது எங்க வீட்டுக் கதை, எவனோ ஒட்டுக் கேட்டிருக்கான்'னு மூக்கைச் சிந்துறா. பல்லு புடுங்க வந்த பெரியவர் வாயில பஞ்சை வச்சுக்கிட்டே, 'பையன் போனதுலேந்து நானும் இப்படித்தாம்மா'ங்கிறார். இத்தன நாளா நான் ஒருத்திதான் கேனச்சின்னு நெனச்சேன்டி. ஊரே தாழ்ப்பாள் போடாமதான் படுத்திருக்கு!"

தங்கை தயங்கிக் கேட்டார். "மாமா...?"

"வரல. வந்தா வரட்டும். நேத்து நல்லாத் தூங்கினேன்." அக்கா விரலை நீட்டினார். "ஆனா ஒண்ணு. ரெண்டாவது சரணத்துல கண்ணீர்னு போட்டிருக்கியே, நான் எப்ப அழுதேன்? அன்னைக்கு எனக்குச் சளி."

"சளின்னு எழுதினா, பாடுறவர் அடிக்க வருவாருக்கா."

இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள். அக்கா எழுந்து, யாரும் கேட்காமலே, பெரிய போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் தங்கையின் பக்கம் வீசினார்.