ஒரு குமிழுக்காகக் காத்திருந்த மத்தியானம்

பிள்ளைகளே, போன வருஷம் ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பரளச்சிப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. நான் எட்டாவதோடு நின்றவன். மானாவாரியில் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு, சயின்ஸ் குரூப். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒளிச்சேர்க்கைப் பாடத்தை நிற்காமல் ஒப்பித்திருக்கிறாள். டீச்சர் குறுக்கே நிறுத்தி, தண்ணீருக்குள் இருக்கிற செடியிலிருந்து குமிழ் வருகிறது என்கிறாயே, திடீரென்று வெயில் போய்விட்டால் அந்தக் குமிழ் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். இவளுக்கு வாயே திறக்கவில்லை. வகுப்பே சிரித்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவள், "எனக்குப் படிப்பு ஏறாதுப்பா. திங்கக்கிழமை மில்லு வேன்ல ஏறிக்கிறேன்" என்றாள். நூல் மில் வேலைக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற வேன்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். அந்த வேனில் ஏறிய பிள்ளைகள் மறுபடி புத்தகத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை பூராவும் கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில், அந்தப் பாடத்தை எனக்காவது சொல்லிக்கொடு என்றேன். வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செடி மண்ணிலிருந்துதானே சாப்பிடுகிறது, இல்லாவிட்டால் நான் எதற்கு உரம் போடுகிறேன் என்று கேட்டேன். "உங்களுக்கு வெளங்க வைக்க இந்த ஜென்மம் பத்தாது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் விடாமல் விளக்கினாள். செடி தனக்கு வேண்டியதை இலையிலேயே சமைத்துக்கொள்கிறது, அப்போது வெளியே விடுகிற காற்றுதான் அந்தக் குமிழ் என்றாள்.

"அப்ப நாளைக்குப் பாத்துருவோம்த்தா. குமிழ் வந்தா பள்ளிக்கூடம், வரலைன்னா வேனு" என்று நான் வாய்விட்டுவிட்டேன். அவள் சட்டென்று சரி என்றாள். சொன்ன பிறகுதான் எதைப் பந்தயம் வைத்தேன் என்று எனக்கு உறைத்தது.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து பாசிச்செடி கொண்டுவந்தேன். வீட்டுக்காரி கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அதில் செடியின் வெட்டிய முனை மேலே பார்க்கிற மாதிரி போட்டு, வெயிலில் வைத்தோம். இரண்டு பேரும் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வெயில் சுளீர் என்று அடித்தது. ஒரு குமிழ்கூட வரவில்லை.

மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. என் சோளம் கருது பிடித்து மணி வைக்கிற நேரம்; அந்த மழைக்காகத்தான் ஊரே ஏங்கியது. நானோ, இன்னும் கொஞ்ச நேரம் வராமல் இருக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "பொம்பளப்பிள்ளை வாழ்க்கையவே டம்ளருக்குள்ள போட்டுட்டு உக்காந்திருக்கீகளே, உங்களுக்குக் கூறு இருக்கா?" என்றாள்.

"வராதுப்பா. விடுங்க" என்று மகள் எழுந்துவிட்டாள். அவளை நிறுத்தி வைக்கத்தான், வேறு ஒன்றும் தோன்றாமல், செடி சமைக்க என்னென்ன வேண்டும் என்றாய், இன்னொரு தடவை சொல் என்றேன். சலிப்போடு சொன்னாள். வெயில், பச்சையம், தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு.

"அந்தக் கடைசியில சொன்ன காத்து, தண்ணிக்குள்ள கிடக்குற செடிக்கு எப்பிடிக் கிடைக்கும்?"

"அது தண்ணியிலேயே கரைஞ்சு..." என்றவள் பாதியில் நின்றாள். அம்மா பக்கம் திரும்பினாள். "எம்மா, இது எந்தத் தண்ணி?"

"படிப்பு விஷயமாச்சே. குடிக்கக் காய்ச்சி ஆறவச்ச தண்ணியத்தான் ஊத்துனேன்."

மகள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். காய்ச்சியதில் உள்ளே இருந்த காற்றெல்லாம் போயிருக்கும் என்று ஓடிக்கொண்டே கத்தினாள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மாட்டுத் தொட்டியில் விழுகிற, காய்ச்சாத போர் தண்ணீரைப் பிடித்து வந்து, செடியை மறுபடி அதில் போட்டு வெயிலில் வைத்தாள். நாங்கள் வாயில் வைக்காத உப்புத் தண்ணீர். அதற்குள் மேகம் சூரியனை நெருங்கிவிட்டது.

முதலில் ஒரு குமிழ், கடுகளவு, தண்டின் முனையில் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு கழன்று மேலே போனது. அடுத்து ஒன்று. அப்புறம் வரிசையாக, பாசிமணி கோத்த மாதிரி. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மேகம் சூரியனை மூடியது. குமிழ் மெதுவாகி, மெதுவாகி, நின்றே போனது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவளோ, "அப்பா, நின்னுருச்சு! பாத்தீகளா, நின்னுருச்சு!" என்று குதித்தாள். டீச்சர் கேட்டதற்குப் பதிலைக் கண்ணால் பார்த்துவிட்டாள். முதல் தூறல் விழுந்தது. நனைந்துகொண்டே, ஏன் நின்றது என்று எனக்கு முழுப் பாடத்தையும் சொன்னாள். ஒரு வரிகூடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

திங்கட்கிழமை சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூட பஸ்ஸில்தான் ஏறினாள்.

பிள்ளைகளே, இப்போதும் எந்தப் பாடமானாலும் என் மகள் முதலில் எனக்குத்தான் சொல்கிறாள். நானும் விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்படுவதில்லை, ஏனென்றால் நான் முழிக்கிற இடத்தில்தான் அவளும் இன்னும் படிக்க வேண்டியது இருக்கிறது.