கிஃப்ட் என்று எழுதிய பற்றரிகள்

மின்சிகரெட் கடையில் நிற்கிறவன், வாடிக்கையாளர் சிரித்தால் முதலில் பற்களை எண்ணுவான். எல்லாம் இருந்தால் அன்றைக்கு நல்ல வியாபாரம்.

ஒஸ்லோவில் அப்படி ஒரு கடையில் ஒன்பது வருடமாக நிற்கிறேன். மருந்துக்கடையோ கைபேசி திருத்துகிற கடையோ, நீங்கள் எங்கே நின்றாலும் என் இனம்தான்: பொருளை விற்றுவிட்டு, வாங்கினவர் வீட்டில் அதை என்ன பாடு படுத்துகிறாரோ என்று சாப்பிடும்போதும் யோசிக்கிற இனம். என் பயமெல்லாம் குழாய்க்காரர்களைப் பற்றியது. குழாய் என்றால், இரண்டு பற்றரியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே வாய் வைத்து இழுக்கிற சாதனம். உள்ளே காவலுக்கு மின்தகடு எதுவும் கிடையாது. பொத்தானை அமத்தினால் பற்றரியும் நீங்களும்தான்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டது

சூசை அண்ணை பக்கத்து நகரமான திராமனில் இருக்கிறார். இளமையில் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டியவர், இப்போது ஓய்வு. ஒரு நவம்பர் காலையில் காதில் எதையோ பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார். கைபேசிதானே, பேச்சு முடியட்டும் என்று நான் மரியாதையாகக் காத்திருந்தேன். பிறகுதான் பார்த்தேன், அவர் காதில் வைத்திருந்தது குழாயை. “தம்பி, இது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது” என்றார்.

குழாயை வாங்கி மெல்லத் திறந்தேன். நகப்பூச்சு கழுவுகிற திரவம் மாதிரி ஓர் இனிப்பு வாசம். மேல் பற்றரி புதிது. கீழே இருந்தது எந்தக் காலத்து டோச் லைட்டிலோ கிடந்த கிழவன், உறையும் கிழிந்திருந்தது. பலமானது தள்ளத் தள்ளப் பலவீனமானது சூடேறி, மூடியைப் பிளந்து உள்ளிருந்த வாயுவை வெளியே விட்டிருக்கிறது. முதலில் நீளமாக ஒரு ‘சூ’, பிறகு விட்டு ஒரு ‘சை’. அது வெடிப்பதற்கு முன் தருகிற கடைசி எச்சரிக்கை. பின்கதவுக்கு வெளியே இருந்த மணல் வாளிக்குள் அதைப் போட்டுவிட்டு வந்தேன். அவருக்கோ மனக்குறை.

“ஒருக்காத்தான் கூப்பிட்டது தம்பி. பிறகு என்ன சொல்லப்போகுது எண்டு கேப்பம் எண்டுதான் ரயில் முழுக்கக் காதில வைச்சுக்கொண்டு வந்தனான்.”

கல்யாணம்

அதற்குப் பிறகு கடை முதலாளி, காரி என்கிற நோர்வே அம்மா, ஒரு சட்டம் போட்டார். குழாய்க்குள் போகிற இரண்டு பற்றரியும் ஒரே வகையாக இருக்க வேண்டும், ஒரே நாளில் வாங்கியதாக இருக்க வேண்டும். ஒன்றாகவே பாவித்து, ஒன்றாகவே சார்ஜ் செய்து, ஒன்றாகவே குப்பைக்கு அனுப்ப வேண்டும். தொழிலில் இதற்குக் கல்யாணம் கட்டின பற்றரி என்று பெயர். கல்யாணம் கட்டியதை நோர்வே மொழியில் ‘யிஃப்ட்’ என்பார்கள், எழுதும்போது GIFT. சோடிக்கு ஓர் எண் கொடுத்து, இரண்டின் உறையிலும் அந்தச் சொல்லைக் கறுப்பு மையால் எழுதுவது என் வேலையானது.

நூறு பற்றரி எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அதே சொல்லுக்கு, அதே எழுத்தில், நஞ்சு என்றும் அர்த்தம். மேசை நிறைய நஞ்சு நஞ்சு என்று எழுதி வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆட்கள் குழம்ப மாட்டார்களா என்று காரியிடம் கேட்டேன். இரண்டு முறை விவாகரத்து ஆனவர், மைப்பேனாவை மூடிக்கொண்டே நோர்வே மொழியில் நிதானமாகச் சொன்னார்.

“எப்படி வாசித்தாலும் கவனமாகத்தானே இருப்பார்கள்.”

பாவியுங்கோ

கார்த்திக் கோயம்புத்தூர்ப் பையன், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி, ஒஸ்லோவுக்கு வந்து ஆறு மாதம். குழாயோடு ஏழாம் எண் சோடியை வாங்கினான். இரண்டு கிழமையில் கைகாவலுக்கு எட்டாம் எண் சோடியையும் வாங்கினான். அது வேறு வகை. இரண்டு முறையும் நான் முழுப் பிரசங்கம் வைத்தேன். “சோடி மாத்தாமல் வடிவாய்ப் பாவியுங்கோ. உறை கிழிஞ்சால் உடன கொண்டு வாங்கோ. பொக்கற்றில திறப்போட சேத்துப் போடாதேங்கோ.”

ஒவ்வொன்றுக்கும் “சரிங்ண்ணா” என்று தலையாட்டினான். படித்தவனுக்குச் சொன்னால் விளங்கும் என்று நான் பூரித்துப்போனேன். வடிவாய் என்றால் எங்களுக்குக் கவனமாக, அவனுக்கு அழகாக. பயன்படுத்துங்கள் என்பதற்கு நான் சொன்ன பாவியுங்கோ ஏதோ சாபம் போலக் கேட்டதாம், திறப்பு என்றால் சாவி என்றே தெரியாதாம். இதெல்லாம் பிறகு வெளியே வந்த சங்கதி. வாசலில் நின்று அவன் சொல்லிவிட்டுப் போனதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டது என் பிழை.

“நீங்க பேசுறதைக் கேட்டுட்டே இருக்கலாம்ங்ண்ணா, ஒண்ணும் புரியலைன்னாலும்.”

ஆளுக்கு ஒன்று

ஜனவரியில் ஒரு பின்னேரம், ஐந்து மணிக்கே வெளியே கும்மிருட்டு. கார்த்திக் முகம் வெளுத்து வந்தான். “ண்ணா, இழுத்துட்டு மேசையில வெச்சா அரை மணி கழிச்சும் சூடா இருக்கு. நான் ரூம்ல இல்லாதப்ப யாரோ கையில வெச்சிருந்த மாதிரி.” குழாயைத் திறந்தேன். மேலே ஏழு, கீழே எட்டு. அளந்து பார்த்தால் ஒன்று நிறைய, மற்றது அநேகமாகப் பிணம். இன்னும் ஓர் இழுப்பு இழுத்திருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது.

மற்ற ஏழும் மற்ற எட்டும் எங்கே என்று கேட்டேன். பியோர்ண்டாலில் அவன் குடியிருக்கிற கட்டடத்தில் கீழ் வீட்டுக்காரர் அன்ரன். யாழ்ப்பாணத்து ஆள், இவனைக் கூப்பிட்டு மீன்குழம்பு போட்டவர். அவரிடமும் இதே மாதிரி ஒரு குழாய் இருக்கிறதாம். அந்த நன்றிக்கு, இரண்டு சோடியையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒன்றை அவருக்குக் கொடுத்திருக்கிறான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கத்திவிட்டேன். அவன் கண் கலங்கிப் போனான்.

“நீங்கதானேண்ணா எல்லாத்துலயும் கிஃப்ட்னு எழுதிக் கொடுத்தீங்க?”

கீழறை

அன்ரன் தொலைபேசியை எடுக்கவில்லை. காரியைக் கவுண்டரில் நிறுத்திவிட்டு இருவரும் பஸ்ஸில் ஓடினோம். அந்த மனிதர் எந்த நொடியில் வாய் வைப்பார் என்று தெரியாது. கார்த்திக் வழிநெடுக உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு வந்தான். அண்ணை புகைக்கிறாரா என்று கேட்டதும், கதவைத் திறந்த அன்ரனின் மனைவி ஜெனி அக்கா சிரித்தார். “புகையோ? அவர் விட்டு ரெண்டு வருசம். கீழறையில ஸ்கீ தேடுறார்.”

கட்டடத்துக்கு அடியில் வீட்டுக்கொரு கம்பிவலைக் கூண்டு, சாமான் போட. ஆள் அசைந்தால் விளக்கு எரியும், நின்றால் அணைந்துவிடும். நாங்கள் நின்று காது கொடுத்தோம். விளக்கு அணைவதற்குச் சற்று முன், கடைசிக் கூண்டின் வலைக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று ஊர்ந்து வந்தது. தலையும் இல்லை, காலும் இல்லை. கார்த்திக் என் கையை இறுக்கிப் பிடித்தான். அது குழாய்ப் புகை என்று விளங்கியதும், “அண்ணை, வாயிலயிருந்து எடுங்கோ!” என்று இருட்டைப் பார்த்துக் கத்தினேன். இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் மிகவும் கௌரவமாகப் பதில் சொன்னது: “நான் புகைக்கிறதில்லை.” சொல்லிக்கொண்டே அவர் குழாயை ஜாக்கெட் பைக்குள் ஒளித்திருக்கிறார். அந்தப் பைக்குள்ளிருந்து ‘ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு மூச்சு வந்தது.

ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னால் கழற்றுகிறாரா? நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “என்னை ஆர் வேணுமெண்டாலும் கேக்கட்டும், நான் புகைக்கிறதில்லை” என்கிறார். இழுபறியில் விளக்கு எரிந்தது. பையிலிருந்து புகை வருவதை அவரும் பார்த்தார். இரண்டு கையையும் உருவி ஜாக்கெட்டை வெறும் சீமெந்துத் தரையில் எறிந்துவிட்டு, மூவரும் கதவுக்கு வெளியே பாய்ந்தோம். சத்தம் நெஞ்சில் இடித்தது. கார்த்திக் சுவரில் இருந்த தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு போய் மிச்சத்தை அணைத்தான். அன்ரன் அண்ணை விரலால் உதட்டையும் பல்லையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இருந்தது. எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று தெரியவில்லை. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே ஏசினேன்.

சத்தம் கேட்டு ஜெனி அக்கா ஓடி வந்தார். தொலைபேசி பற்றரி வெடித்துவிட்டது என்று அண்ணை ஒரு பொய் சொன்னார். அக்கா கரிந்த ஜாக்கெட்டைப் பார்த்தார், அவர் முகத்தைத் தடவிப் பார்த்தார், கார்த்திக்கோடு மேலே போய்த் தேத்தண்ணி குடிக்கச் சொல்லி அனுப்பினார். காலடிச் சத்தம் ஓயும்வரை ஆடாமல் அசையாமல் நின்றார். விளக்கு அணைந்தது. இருட்டில் அவர் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் எதையோ வைத்தார். மெல்லிய குழாய். இளஞ்சூடாக இருந்தது.

“அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ தம்பி. இதுக்குள்ளயும் ரெண்டு கிடக்கு, கொஞ்ச நாளாச் சுடுது.”

ஒரே நாளில் சேர்த்து வைத்து ஒரே இடத்தில் அடுக்கியிருந்தாலும், ஒன்றுக்குள் எவ்வளவு சூடு கிடக்கிறது என்று மற்றதற்குத் தெரியவே தெரியாது. அதை அளந்து சொல்லத்தான் என்னைப்போல ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.